ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்களை கிளினிக் மென்பொருளில் கவனிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

காலை 9 மணிக்குக் கணினியைத் திறந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது, வர வேண்டிய நாளில் வராமல் போனவர்களின் பட்டியலைத்தான். மும்பை தாராவியில், 90 அடி சாலையை ஒட்டிய ஒரு சிறிய கிளினிக்கில் நான் நர்ஸ். டாக்டரும் தமிழர், வருகிறவர்களிலும் பெரும்பாலோர் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். இதய வால்வு மாற்றியவர்கள், இதயத் துடிப்பு சீரில்லாதவர்கள், காலில் ரத்தக்கட்டி வந்தவர்கள் என்று அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் எடுப்பவர்கள் எங்களிடம் நிறையப் பேர். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடித்து அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு வருடக்கணக்காக மாத்திரையைப் பார்த்துக்கொள்வது எங்களைப் போன்ற கிளினிக்குகள்தான்.

இந்த மாத்திரையில் அளவு கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் வால்விலேயே ரத்தம் உறைந்துவிடும். இரண்டும் உயிருக்கு ஆபத்து. கிளினிக்குக்கு வருகிறவரை டாக்டர் பார்த்துவிடுவார். வராதவரை யார் பார்ப்பது? மென்பொருள் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது அதற்காகத்தான். பெரும்பாலான கிளினிக் மென்பொருள்கள் அன்றைக்கு வந்தவர்களின் பில், சீட்டு, அடுத்த டோக்கன் என்பதற்காகச் செய்யப்பட்டவை. அதை இந்த வேலைக்கு ஏற்றபடி நாம்தான் திருப்பிக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் இதற்கென்றே டான், ஐஎன்ஆர்ஸ்டார் போன்ற தனி மென்பொருள்கள் இருக்கின்றன. நமக்கு அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஓப்பன்எம்ஆர்எஸ், பாம்னி போன்ற திறமூல மென்பொருள்களில் நாமே படிவம் செய்துகொள்ளலாம். கையில் இருப்பது ஒரு எக்செல் தாள் மட்டும்தான் என்றாலும் கீழே சொல்வதில் முக்கால்வாசியைச் செய்துவிடலாம்.

முதலில், யார் யார் என்று தெரிய வேண்டும்

பழைய மருந்துச் சீட்டுகளில் தேடுங்கள். மருந்தின் வேதிப்பெயர், கடைப்பெயர் இரண்டையும் போட்டுத் தேட வேண்டும். அசெனோகுமரால், அசிட்ரோம், வார்ஃபரின், வார்ஃப், அப்புறம் புதிய வகையில் டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான். எழுத்துப்பிழையோடு பதிந்ததும் இருக்கும், அதையும் தேடுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுப்பவர்களை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். மக்கள் எல்லாவற்றையும் ‘ரத்தம் லேசாகுற மாத்திரை’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவற்றுக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) பார்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்து எடுக்கிறவருக்கு ரத்தக்கசிவு ஆபத்து அதிகம் என்பதால் அதை மட்டும் தனியாகக் குறியுங்கள்.

பழைய வகை மாத்திரைக்கும் புதிய வகைக்கும் தனித்தனிப் படிவம் வையுங்கள். ஒரே படிவத்தில் போட்டால், அபிக்ஸபான் எடுப்பவருக்கு ஐ.என்.ஆர். கட்டம் காலியாக இருக்கிறதே என்று யாராவது தேவையில்லாமல் ரத்தம் எடுக்க அனுப்பிவிடுவார்கள்.

ஆளுக்கு ஒரு முகப்புப் பக்கம்

நோயாளியின் பெயரைத் தட்டியதும் ஒரே திரையில் இவை தெரிய வேண்டும்: மாத்திரை எதற்காக, ஐ.என்.ஆர். எந்த வரம்புக்குள் இருக்க வேண்டும், எந்த வீரியத்தில் மாத்திரை, வாரத்துக்கு மொத்தம் எத்தனை மில்லிகிராம், கடைசி ஐந்து ஐ.என்.ஆர்., அடுத்த தேதி.

வரம்பு எல்லாருக்கும் ஒன்றல்ல. இதயத் துடிப்பு சீரில்லாதவர்களுக்கும் ரத்தக்கட்டி வந்தவர்களுக்கும் வழக்கமாக 2 முதல் 3. மிட்ரல் இடத்தில் (இதயத்தின் இடது மேல், கீழ் அறைகளுக்கு நடுவே) உலோக வால்வு வைத்தவருக்கு வழக்கமாக 2.5 முதல் 3.5. அதனால் வரம்பை டாக்டர்தான் ஒவ்வொருவருக்கும் பதிய வேண்டும். மென்பொருளே எல்லாருக்கும் 2–3 என்று நிரப்பிவைத்தால், மிட்ரல் வால்வுக்காரருக்கு 2.1 வந்தாலும் பச்சையாகக் காட்டும். அந்தத் தானாக நிரப்பும் வசதியை நிறுத்திவிடுங்கள்.

வால்வு எந்த இடத்தில், எந்த வருடம், என்ன வகை என்பதையும் டிஸ்சார்ஜ் அட்டையைப் பார்த்து எழுதுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையத்தில் உருவாக்கி 1990-ல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்திய சித்ரா வால்வு நம் நாட்டில் நிறையப் பேருக்கு இருக்கிறது. வேறு ஊர் டாக்டர் கேட்கும்போது, ‘ஏதோ இரும்பு வால்வு’ என்று சொல்வதற்கும் வகையைச் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு.

பலரும் மறந்துவிடும் ஒரு கட்டம், நிறுத்தும் தேதி. உலோக வால்வுக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை. ஆனால் காலில் ரத்தக்கட்டி வந்தவருக்கு, காரணத்தைப் பொறுத்து, 3 மாதத்தில் டாக்டர் மறுபடி யோசிப்பார். அந்தத் தேதி பதிவில் இல்லையென்றால் அவர் தேவையே இல்லாமல் வருடக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பார்.

பிள்ளை பெறும் வயதுப் பெண் என்றால் அதற்கும் ஒரு குறி வேண்டும். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டுச் சின்ன வயதிலேயே மாற்றியவர்கள் நம்மிடம் அதிகம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இந்த மாத்திரை சிசுவைப் பாதிக்கலாம். நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே சொல்ல வேண்டும், தானாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது என்று ஒவ்வொரு முறையும் நினைவூட்ட அந்தக் குறி உதவும்.

இரண்டு போன் எண் கட்டாயம். ஒன்று மும்பை எண், இன்னொன்று ஊரில் இருப்பவருடையது. இங்கே கோலி (வாடகை அறை) மாற்றுவார்கள், சிம்மும் மாற்றுவார்கள். ஊரில் அம்மாவின் எண் மாறாது.

ஐ.என்.ஆர். பதியும்போது

ரத்தம் எடுத்த தேதியைப் போடுங்கள், ரிப்போர்ட் வந்த தேதியை வேண்டாம். இரண்டுக்கும் ஒரு நாள் இடைவெளி இருந்தாலும் பின்னால் கணக்கு தவறும். எந்த லேப் என்பதையும் எழுதுங்கள். ரத்தம் உறையும் நேரம் லேபுக்கு லேப் மாறியதால்தான் 1980-களில் ஐ.என்.ஆர். என்ற பொது அளவே வந்தது. லேப் பரிசோதனைக்குப் பயன்படுத்தும் வினைப்பொருளின் உணர்திறனைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்த எண் அது. அப்படியும் லேப் மாறினால் சின்ன ஏற்ற இறக்கம் வரும். கூடுமானவரை ஒருவருக்கு ஒரே லேப்.

நீல மூடிக் குழாயில் குறித்த கோடு வரை ரத்தம் நிறையவில்லை என்றால் எண் தவறாகக் கூடிக் காட்டும். ஆள் நன்றாக இருக்கும்போது திடீரென 6 வந்தால், மருந்தை மாற்றும் முன் குழாய் நிறைந்திருந்ததா என்று லேபில் கேட்பது எங்கள் வழக்கம். ‘மறுபரிசோதனை’ என்று ஒரு குறியும் வைத்திருக்கிறோம்.

எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கேள்விகள் வையுங்கள். இந்த வாரம் எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போனது? புதிதாக ஏதாவது மருந்து உண்டா? ரத்தக்கசிவு உண்டா (ஈறு, மூக்கு, கறுப்பு மலம், அதிக மாதவிடாய், காரணம் இல்லாத நீலத் திட்டு)? இவற்றுக்குப் பதில் இல்லாமல் பதிவு சேமிக்கப்படக் கூடாது. 1.6 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் அளவைக் கூட்டத் தோன்றும். ‘மூன்று நாள் விட்டுப்போச்சு’ என்பது பக்கத்திலேயே இருந்தால் கூட்டத் தோன்றாது.

வார அளவும் மாத்திரைச் சீட்டும்

டாக்டர் யோசிப்பது வார அளவில். தினம் 2 மில்லிகிராம் என்றால் வாரம் 14. ஐ.என்.ஆர். கொஞ்சம் குறைவு, கூட்ட வேண்டும் என்றால் வழக்கமாக 5 முதல் 20 சதவீதத்துக்குள் மாற்றுவார்கள். ஞாயிறு மட்டும் 3 என்றால் வாரம் 15, அதாவது சுமார் 7 சதவீதம். ஞாயிறும் புதனும் 3 என்றால் 16, சுமார் 14 சதவீதம். ஏழு நாளுக்கும் ஏழு கட்டம் வைத்து, கூட்டுத்தொகையையும் போன தடவையிலிருந்து எத்தனை சதவீத மாற்றம் என்பதையும் மென்பொருள் காட்டட்டும். 20 சதவீதத்தைத் தாண்டினால் ‘சரிதானா?’ என்று ஒரு முறை கேட்கட்டும். முடிவு டாக்டருடையது. நர்ஸோ மென்பொருளோ அளவை மாற்றக் கூடாது.

நோயாளிக்குக் கொடுக்கும் சீட்டு வேறு மாதிரி இருக்க வேண்டும். ‘1.5’ என்று அச்சடித்தால் அது ஒன்றரை மாத்திரையா, ஒன்றரை மில்லிகிராமா? எங்கள் சீட்டில் கிழமைகள் தமிழில் இருக்கும், எதிரே ‘2 மி.கி. மாத்திரை – ஒன்று’, ‘2 மி.கி. மாத்திரை – ஒன்றரை’ என்று எழுத்தில் இருக்கும். அசிட்ரோம் 1, 2, 3, 4 மில்லிகிராம் வீரியங்களில் கிடைக்கிறது. முடிந்தவரை ஒருவருக்கு ஒரே வீரியம் என்பதில் உறுதியாக இருங்கள். பாதியாக உடைப்பது சின்ன வேலையில்லை. ஒரு பாட்டி பர்ஸிலிருந்து காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். உள்ளே நசுங்கிய பாதிகளும் கால்களும் தூளும். எது எத்தனை என்று எங்களாலேயே சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து அவருக்கு முழு மாத்திரையாக வருகிறபடி 1 மில்லிகிராமில் எழுதுகிறார் டாக்டர்.

வராதவர்கள் பட்டியல்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அடுத்த தேதி இல்லாமல் எந்த ஐ.என்.ஆர். பதிவும் சேமிக்கப்படக் கூடாது. புதிதாகத் தொடங்கியவருக்கு சில நாட்களுக்கு ஒரு முறை, அளவை மாற்றியவருக்கு ஒன்று இரண்டு வாரத்தில், சீராக இருப்பவருக்கு மாதம் ஒரு முறை. நீண்ட காலம் சீராக இருப்பவருக்கு 12 வாரம் வரை விடலாம் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. எங்கள் டாக்டர் வால்வுக்காரர்களை ஆறு வாரத்துக்கு மேல் விடுவதில்லை, எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

தினமும் காலையில் மென்பொருள் மூன்று நிறத்தில் பட்டியல் தர வேண்டும். தேதி தாண்டி 3 நாள் என்றால் மஞ்சள், எஸ்.எம்.எஸ். போகும். 7 நாள் என்றால் ஆரஞ்சு, நாங்கள் போன் செய்வோம். 14 நாள் என்றால் சிவப்பு, டாக்டரே பேசுவார். உலோக வால்வு உள்ளவருக்கு மஞ்சள் கிடையாது, நேராக ஆரஞ்சு. இதை நாங்கள் பட்டுத்தான் கற்றோம். தொடக்கத்தில் எங்கள் படிவத்தில் அடுத்த தேதி கட்டாயமாக இல்லை. ஒருவர் ஏழு வாரம் வரவில்லை. யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் திரையில் அவர் பெயர் வரவே இல்லை. அவர் மனைவி ஜுரத்துக்கு வந்தபோதுதான் ஞாபகம் வந்தது. நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

போன் செய்யும்போது ‘ஏன் வரவில்லை’ என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். ஒரு பேச்சை அப்படியே சொல்கிறேன்.

“அண்ணாச்சி, கிளினிக்ல இருந்து பேசுறேன். போன செவ்வாக்கிழமை ரத்தம் கொடுக்க வரணும்னு எழுதியிருந்துச்சே?”

“ஊர்ல கோயில் கொடைல்லா தாயி. இங்கதான் இருக்கேன், வந்து ரெண்டு வாரம் ஆச்சு.”

“மாத்திரை கையில இருக்கா?”

“இருக்கு, இருக்கு. கொண்டாந்தது தீந்துபோச்சு, இங்க கடையில வாங்கிட்டேன். அதே மாத்திரைதான்.”

“அட்டையை எடுத்து, பேருக்குப் பக்கத்துல என்ன நம்பர் போட்டிருக்குன்னு வாசிங்க அண்ணாச்சி.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், “ஒண்ணுன்னு போட்டிருக்கு.”

என் திரையில் 2 மில்லிகிராம் என்று இருந்தது. கடையில் 2 இல்லை, 1 கொடுத்திருக்கிறார்கள். இவர் எப்போதும்போலத் தினம் ஒன்று போட்டிருக்கிறார். பத்து நாளாகப் பாதி அளவு, அதுவும் மிட்ரல் வால்வுக்காரர். டாக்டர் அப்போதே பேசினார், அன்று மாலையே திருநெல்வேலியில் ரத்தம் எடுத்தார்கள். 1.4. அங்கேயே ஒரு இதய மருத்துவரிடம் அனுப்பி, அதற்கான சிகிச்சையைத் தொடங்க வைத்தோம். அதன் பிறகு ‘அட்டையில் உள்ள எண்ணை வாசிக்கச் சொன்னீர்களா?’ என்பது எங்கள் போன் படிவத்தில் முதல் கேள்வி.

ஊர்ப் பயணத்துக்கென்று ஒரு கட்டமும் சேர்த்தோம். போகும் தேதி, வரும் தேதி, ஊரில் எந்த லேப், எத்தனை மாத்திரை கையில். மே மாத விடுமுறைக்கும் கோயில் கொடைக்கும் ஒரு மாதம் முன்பே, ‘ஊருக்குப் போறீங்களா?’ என்று கேட்கச் சொல்லி மென்பொருள் நினைவூட்டும். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டவரிடம், போவதற்கு முந்தைய வாரம் ஒரு ஐ.என்.ஆர். பார்த்து, தேவைக்கும் பத்து நாள் கூடுதலாக மாத்திரை வாங்கச் சொல்வோம்.

எந்த எண்ணுக்கு எந்த எச்சரிக்கை

அடிக்கடி அடிக்கும் மணியை யாரும் கேட்க மாட்டார்கள். சீராக இருந்தவருக்கு வரம்பிலிருந்து 0.5-க்குள் ஒரே ஒரு முறை விலகினால், அளவை மாற்றாமல் ஒன்று இரண்டு வாரத்தில் மறுபடி பார்க்கலாம் என்பது 2012-ல் வந்த அமெரிக்க நெஞ்சக மருத்துவர்கள் கல்லூரியின் நெறி. அதற்கு நாங்கள் சிவப்பு வைக்கவில்லை. 4.5-ஐத் தாண்டினால் அன்றைக்கே டாக்டருக்கு அழைப்பு. 10-ஐத் தாண்டினாலோ, எண் எதுவானாலும் ரத்தக்கசிவு என்று குறித்தாலோ, ஆஸ்பத்திரி. கீழ்ப்பக்கமும் மணி வேண்டும். உலோக வால்வுக்காரருக்கு 2-க்குக் கீழே போனால் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். கூடினால் மட்டும் சிவப்பாகக் காட்டும் மென்பொருளை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

தலையில் அடிபட்டால், பேச்சுக் குழறினால், ஒரு பக்கம் கை கால் இழுத்தால், உலோக வால்வின் ‘டிக் டிக்’ சத்தம் மங்கினால் கிளினிக்குக்கு வர வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எங்கள் சீட்டின் பின்புறம் தமிழிலும் இந்தியிலும் அச்சடித்திருக்கிறோம்.

மற்ற மருந்துகள், சாப்பாடு, மழைக்காலம்

மருந்துகளின் மோதல் பட்டியல் மென்பொருளில் நூற்றுக்கணக்கில் இருக்கும். எல்லாவற்றையும் திறந்துவைத்தால் டாக்டர் படிக்காமலே மூடிவிடுவார். அதிகம் எழுதப்படும், அதிகம் கெடுக்கும் சிலவற்றுக்கு மட்டும் தடுப்புத் திரை வையுங்கள்: மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளூகோனசோல், அமியோடரோன் ஆகியவை ஐ.என்.ஆரை ஏற்றும். ரிஃபாம்பிசின், கார்பமசெபின் இறக்கும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் எண்ணை மாற்றாவிட்டாலும் வயிற்றில் ரத்தக்கசிவைத் தூண்டும். காசநோய் மருந்தில் ரிஃபாம்பிசின் உண்டு. அதைத் தொடங்கும்போது மட்டுமல்ல, முடிக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். ஆறு மாதம் அளவைக் கூட்டிக் கூட்டி வந்திருப்போம். ரிஃபாம்பிசின் நின்றதும் சில வாரத்தில் ஐ.என்.ஆர். மேலே ஏறத் தொடங்கும். காசநோய் மருந்து முடியும் தேதியையும் பதிந்துவிடுங்கள்.

‘ஊசி போட்டுவிடுங்க டாக்டர்’ என்று கேட்பது நம் ஆட்களின் வழக்கம். இந்த மாத்திரை எடுப்பவருக்கு இடுப்பில் ஊசி போட்டால் தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். பெயரின் பக்கத்திலேயே ‘தசை ஊசி கூடாது’ என்று பெரிதாக வரட்டும்.

மும்பை மழைக்காலத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்புக்கு டாக்ஸிசைக்ளின் கொடுக்கிறார்கள். அது ஐ.என்.ஆரைக் கூட்டலாம். வயிற்றுப்போக்கும் சாப்பிடாமல் கிடப்பதும் கூட்டும். டெங்கு வந்து தட்டணுக்கள் இறங்கினால் இந்த மாத்திரையோடு சேர்ந்து பெரிய ஆபத்து. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பட்டியலில் உள்ள எவர் ஜுரம் என்று வந்தாலும் ரத்த அணு எண்ணிக்கையும் ஐ.என்.ஆரும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று மென்பொருளில் விதி போட்டுவிட்டோம்.

கீரை ஐ.என்.ஆரை இறக்கும் என்றாலும் அதை நிறுத்தச் சொல்ல வேண்டாம். வாரத்துக்கு வாரம் ஒரே மாதிரி சாப்பிட்டால் போதும். புரட்டாசியில் கறியை நிறுத்திவிட்டு முருங்கைக்கீரையும் முட்டைக்கோஸுமாகச் சாப்பிட்டால் எண் இறங்கும். சபரிமலைக்கு மாலை போட்டாலும் அப்படித்தான். ‘விரதம்’ என்று ஒரு குறி போட்டால் டாக்டருக்குப் புரிந்துவிடும்.

புதிய வகை மாத்திரைகள்

இவற்றுக்கு ஐ.என்.ஆர். வேண்டாம் என்பதால் பலரும் கவனிப்பே வேண்டாம் என்று நினைக்கிறார்கள். சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும். வயது, ஆணா பெண்ணா, எடை, கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) நான்கையும் பதிந்தால், சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் காக்ராஃப்ட்–கால்ட் கணக்கை மென்பொருளே போடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கிரியேட்டினின் பார்க்க நினைவூட்டல் வையுங்கள். துடிப்புக் கோளாறுக்கு அபிக்ஸபான் எடுப்பவரிடம் வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், கிரியேட்டினின் 1.5 அல்லது மேல் என்ற மூன்றில் இரண்டு இருந்தால் அளவு பாதி. ரிவராக்ஸபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். சீட்டில் அது வரட்டும்.

ஒரு தடை கட்டாயம் வேண்டும்: உலோக வால்வு என்று பதிந்தவருக்கு இந்த மருந்துகளை எழுதவே விடக் கூடாது. டாபிகாட்ரானை உலோக வால்வுக்காரர்களிடம் சோதித்த ஆய்வு, ரத்தக்கட்டியும் ரத்தக்கசிவும் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டு 2013-ல் வெளியானது. ருமாட்டிக் இதய நோயோடு துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கும் ரிவராக்ஸபானைவிடப் பழைய மாத்திரையே மேல் என்று 2022-ல் வந்த இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. ‘அடிக்கடி ரத்தம் கொடுக்கத் தேவையில்லாத மாத்திரை இருக்காமே’ என்று கேட்கிறவர்களுக்கு இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாதக் கணக்கு

ஒருவர் எத்தனை நாள் வரம்புக்குள் இருந்தார் என்பதை 1993-ல் ரோசன்டால் என்பவரும் சகாக்களும் சொன்ன முறையில் கணக்கிடலாம். இரண்டு பரிசோதனைக்கு நடுவே எண் நேர்கோட்டில் நகர்ந்ததாக வைத்துக்கொள்வார்கள். வரம்பு 2–3. முதல் நாள் 1.6, 20 நாள் கழித்து 2.6. நாளுக்கு 0.05 ஏறியது, 8-வது நாளில் 2-ஐத் தொட்டது, ஆக 12 நாள் உள்ளே. அடுத்த 30 நாளில் 3.2 ஆனது. நாளுக்கு 0.02, 20-வது நாளில் 3-ஐத் தாண்டியது, ஆக 20 நாள் உள்ளே. மொத்தம் 50 நாளில் 32, அதாவது 64 சதவீதம். 65-க்கு மேல் இருப்பது நல்லது என்பார்கள். எட்டு வாரத்துக்கு மேல் பரிசோதனை இல்லாத இடைவெளி இந்தக் கணக்கில் சேராது. இதனால் வராமலே இருப்பவர் கணக்கில் காணாமல் போய், கிளினிக்கின் சராசரி அழகாகத் தெரியும். சராசரிக்குப் பக்கத்திலேயே ‘எட்டு வாரமாகப் பரிசோதனை இல்லாதவர்கள்’ எண்ணிக்கையையும் காட்டச் சொல்லுங்கள்.

பூட்டு, நகல்

அளவை மாற்றும் உரிமை டாக்டரின் கணக்குக்கு மட்டும். யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவு அழியக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் பெயரோடு ரிப்போர்ட்டைப் போடுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு காரணம், பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார் என்ற நோயாளியின் கூச்சம் அதைவிடப் பெரிய காரணம். தினம் இரவு நகல் எடுங்கள். சனிக்கிழமை வராதவர்கள் பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள், மழையில் கரண்ட் போனாலும் போன் செய்யலாம்.

பதிவை மூடுவது

நிரந்தரமாக ஊருக்குத் திரும்புகிறவருக்கு, கடைசி ஒரு வருடத்து ஐ.என்.ஆரும் வார அளவும் கொண்ட ஒரு பக்கத்தை அச்சிட்டுக் கையில் கொடுத்து, அங்கே பார்க்கப் போகும் டாக்டரின் பெயரையும் எண்ணையும் வாங்கிக்கொள்கிறோம். ஒரு மாதம் கழித்து அங்கே போய்ச் சேர்ந்தாரா என்று ஒரு போன். பதில் வந்த பிறகுதான் பதிவை மூடுவோம். மூடுவதற்கு எங்கள் படிவத்தில் நான்கு காரணங்கள் மட்டுமே உண்டு: டாக்டர் மருந்தை நிறுத்தினார், வேறு டாக்டரிடம் சேர்ந்தார், புதிய வகை மாத்திரைக்கு மாறினார், இறந்தார். ‘வரவில்லை’ என்பது அதில் கிடையாது. போனே எடுக்காதவரின் பெயர் எத்தனை மாதமானாலும் காலைப் பட்டியலின் உச்சியில் சிவப்பாகவே நிற்கும், அவருடைய ஊர் எண்ணோடு.